எடையைக் கழித்த மேதை

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

பெரியவர்களின் வரலாற்றைப் படிக்கும்போது அவர்கள் வென்றதை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவது நம் வழக்கம். அந்த வெற்றிக்கு அவர்களும் அவர்களை நம்பியவர்களும் கொடுத்த விலையையும் சேர்த்துப் படித்தால்தான் அது நமக்குப் பாடமாகும். அப்படி நான் படித்த வரலாறு, இங்கிலாந்தில் லோட்டஸ் பந்தயக் கார்களை உருவாக்கிய காலின் சாப்மனுடையது.

என் தந்தையார் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கேனும் பலம் போதுமா என்ற ஐயம் வந்தால், இன்னும் ஓர் ஆங்கிளை வைத்துப் பற்றவைப்பது என் தந்தையின் தொழில் தருமம். சாப்மனோ, தேவையா என்ற ஐயம் வந்தால் அந்தப் பாகத்தையே எடுத்துவிடுவார். இருவரில் யார் பக்கம் நியாயம்? இந்தக் கேள்வியே என்னை எழுதத் தூண்டியது.

சாப்மன் 1928ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் ரிச்மண்டில் பிறந்தார். தந்தை லண்டனில் ஓட்டல் நடத்தியவர். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கட்டுமானப் பொறியியல் படித்துக்கொண்டே, நண்பர் ஒருவருடன் சேர்ந்து பழைய கார்களை வாங்கி விற்றார். அந்த வியாபாரம் நொடித்துப்போனது. விற்காமல் மிஞ்சியது 1930இல் செய்யப்பட்ட ஓர் ஆஸ்டின் 7 கார். அதைப் பிரித்துப்போட்டு, மெல்லிய உடல் பொருத்தி, 1948இல் தம் முதல் போட்டிக் காராக மாற்றிவிட்டார்.

மாணவ நண்பர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்த மேதை இறுதித் தேர்வில் கணிதத் தாளில் தோற்றவர்! 1949இல் மீண்டும் எழுதித்தான் பட்டம் பெற்றார். துணைப்பாடக் கணிதத்தில் ஒரு தாளை இன்னும் பாக்கி வைத்திருக்கும் எனக்கு இதைப் படித்தபோது ஏற்பட்ட ஆறுதல் கொஞ்சமல்ல. ஆனால் அவர் அடுத்த ஆண்டே எழுதித் தேறிவிட்டார் என்பதையும் நான் மறக்கலாகாது.

பின்னாளில் மனைவியான ஹேசல் கொடுத்த 25 பவுனை முதலாக வைத்து 1952இல் நிறுவனத்தைத் தொடங்கினார். தந்தையின் ஓட்டலுக்குப் பின்புறமிருந்த பழைய குதிரை லாயமே தொழிற்கூடம். பெரிய எஞ்சின் வாங்கப் பணமில்லை. ஆகவே நியூட்டனின் இரண்டாம் விதியைத் துணைக்கு அழைத்தார். விசையைக் கூட்ட முடியாவிட்டால் நிறையைக் குறைத்தாலும் முடுக்கம் கூடுமல்லவா? எஞ்சின் சக்தி நேர்ச்சாலையில் மட்டுமே பெரிதும் கைகொடுக்கும். எடைக்குறைவோ புறப்படும்போதும், பிரேக் போடும்போதும், வளைவிலும் கைகொடுக்கும்.

1957இல் வெளிவந்த எலீட் காருக்குத் தனி இரும்புச் சட்டமே இல்லை. கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த உடலே சட்டமாக நின்றது. மொத்த எடை ஏறக்குறைய 500 கிலோதான். காண்போர் வியந்தனர், ஆனால் உடலைச் செய்யும் செலவு நிறுவனத்தை நட்டத்தில் தள்ளியது. 1962இல் வந்த லோட்டஸ் 25 பந்தயக் காரில் குழாய்ச் சட்டத்தை நீக்கி அலுமினியத் தகட்டால் ஓடம்போல் ஒரு கூடு செய்தார். முந்தைய சட்டத்தைவிட எடை பாதி, விறைப்பு மூன்று மடங்கு! அதை ஓட்டிய ஜிம் கிளார்க் 1963இல் 10 பந்தயங்களில் 7இல் வென்று உலக வீரரானார். 1967இல் எஞ்சினையே காரின் முதுகெலும்பாக்கிச் சட்டத்தின் பின்பாதியை நீக்கினார் சாப்மன்.

இனி விலையைப் பார்ப்போம். 1960இல் பெல்ஜியத்தில் பயிற்சியின்போது ஸ்டர்லிங் மாஸ் ஓட்டிய லோட்டஸின் பின்சக்கரம் கழன்றது. அவருடைய இரு கால்களும் முறிந்தன. 1969இல் ஸ்பெயினில் ஒரே பந்தயத்தில் இரண்டு லோட்டஸ் கார்களின் உயர்ந்த பின் இறக்கைகள் ஒடிந்து விழுந்தன. அடிபட்டவர்களில் ஒருவரான யோக்கன் ரிண்ட், இன்னும் சில கிலோ சேர்த்தாவது பலம் கொடுக்கும்படி சாப்மனுக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் மோன்சாவில் முன் பிரேக்கின் தண்டு ஒடிந்து கார் தடுப்பில் மோதியது. ரிண்ட் மாண்டார். தடுப்புவேலியின் குறையும் அதில் உண்டு. எனினும் முதலில் ஒடிந்தது தண்டுதான். அவ்வாண்டின் உலக வீரர் பட்டம் இறந்துபோன அவருக்கே சேர்ந்தது.

எடையும் குறைய வேண்டும், உயிரும் தங்க வேண்டும் என்றால் வழி என்ன? விடை கார்பன் இழையில் இருந்தது. 1960களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடம் இதை வலுவான பொருளாக வளர்த்தது. செயற்கை இழையை ஆக்சிஜன் இல்லாத உலையில் 1000 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடாக்கினால் கார்பன் மட்டும் மிஞ்சும். ஒவ்வோர் இழையும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைவிட மெல்லியது. பிசினில் தோய்த்து அடுக்கி, அழுத்தத்தில் வேகவைத்தால் கிடைக்கும் பொருளின் அடர்த்தி எஃகில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு.

1981இல் சாப்மன் தம் லோட்டஸ் 88 காரின் கூட்டைக் கார்பன் இழையும் கெவ்லாரும் கொண்டு அமைத்தார். அதன் இரட்டைச் சட்ட அமைப்பு விதிக்கு மாறானது என்று அக்கார் தடுக்கப்பட்டது. அதே ஆண்டு மெக்லாரன் நிறுவனமும் கார்பன் கூட்டுடன் வந்தது. மோன்சாவில் அக்கார் மோதி எஞ்சின் தனியே பிய்ந்து போயிற்று. ஓட்டிய ஜான் வாட்சன் காயமின்றி வெளியே வந்தார். ரிண்ட் மாண்ட அதே களத்தில்!

ஆயினும் குறையில்லாத பொருள் எது? எஃகு வளைந்து நமக்கு எச்சரிக்கை கொடுக்கும். கார்பன் பாகம் வளையாமல் ஒடிந்துவிடும். அடி வாங்கிய பாகத்தின் உள் அடுக்குகள் பிரிந்திருந்தாலும் மேலே தெரியாது. தட்டி நிமிர்த்தவோ பற்றவைக்கவோ முடியாது. கையால் அடுக்கும் உழைப்பும் உலைச் செலவும் விலையை ஏற்றிவிடும். 1992இல் அறிமுகமான மெக்லாரன் எஃப்1 என்னும் கார்பன் கார் மொத்தம் 106தான் செய்யப்பட்டது. சாப்மனின் நிறுவனமே 1996இல் எலீஸ் காருக்கு ஒட்டி இணைத்த அலுமினியச் சட்டத்தைத் தேர்ந்தது.

சாப்மன் 1982 டிசம்பர் 16ஆம் நாள் மாரடைப்பால் தம் 54ஆம் வயதில் மறைந்தார். டெலோரியன் கார் திட்டத்தில் அரசுப் பணம் மறைந்த வழக்கு, அவர் மறைவுக்குப் பின் அவர் பெயருக்கு மாசு சேர்த்தது. இதையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை.

இவ்வரலாற்றை என் தந்தையிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தக் காரை ஓட்டியது அவரா, வேறு ஆளா என்று மட்டும் கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. சாப்மன் கழித்த ஒவ்வொரு கிலோவிலும் அறிவு இருந்தது; ஆனால் கழித்தவர் ஒருவர், அதன்மேல் அமர்ந்தவர் வேறொருவர். நாளை நாம் எதை அமைத்தாலும், தேவையற்ற எடையைக் கழிக்கச் சாப்மனிடமும், அதன்மேல் அமரப்போகும் மனிதனை நினைக்க என் தந்தையிடமும் கற்போம். இரண்டும் சேர்ந்ததே விஞ்ஞானம்.