மக்காவைத் தமிழில் காட்டிய உமறுப்புலவர்

 

 மக்தப் முடிந்து போகும்போது ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது. ரசூலுல்லாஹ்வுடைய ஊரும் நம்ம கம்பம் மாதிரி வயலும் திராட்சைத் தோட்டமுமாக இருக்குமா ஹஜ்ரத் என்று. 1895 முதல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் பூமியில் வளரும் பிள்ளை, வேறு எப்படி நினைக்கும்? இல்லையம்மா, இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் குடும்பத்தைக் கொண்டுபோய் விட்ட மக்கா, பயிர் பச்சை இல்லாத பள்ளத்தாக்கு என்றேன். அதற்கு நம்பிக்கை வரவில்லை.

அப்போதுதான் உமறுப்புலவர் நினைவுக்கு வந்தார்கள். அரபு நாட்டைத் தமிழருக்குக் காட்டியதில் அவர்களுக்கு ஈடு யார்?

1642-ல் பிறந்து 1703-ல் மறைந்தவர்கள் என்று சொல்லப்படுகிறது. தந்தையார் வாசனைப் பொருள் வியாபாரி. எட்டயபுரத்துக் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் படித்து, அந்த அரசவையிலேயே புலவராக அமர்ந்தார்கள். நபிகளாரின் வரலாற்றைத் தமிழில் காப்பியமாகப் பாட வேண்டும் என்று வள்ளல் சீதக்காதி கேட்டுக்கொண்டார்கள். தமிழ் கையில் இருந்தது. ஆனால் செய்திகள் அரபுக் கிதாபுகளில் இருந்தன. ஆகவே பெரிய ஆலிமான சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களிடம் போனார்கள்.

அங்கே நடந்ததாக நம் முன்னோர்கள் சொல்லி வருவதைக் கவனியுங்கள். வந்து நின்றவர் அரசவைப் புலவரின் உடையில் இருந்தார். முஸ்லிம் என்பதற்கான அடையாளம் ஒன்றும் தெரியவில்லை. அப்பா அவர்கள் மறுத்துவிட்டார்கள். மனம் உடைந்து திரும்பினார் புலவர். பிறகு கனவில் நல்ல செய்தி வந்தது என்றும், அதன் பின்னரே அவர் கேட்டது கிடைத்தது என்றும் சொல்வார்கள். உடையைப் பார்த்து ஒதுக்கப்பட்ட அந்த மனிதரிடமிருந்துதான் 5027 பாடல்கள் கொண்ட சீறாப்புராணம் வந்தது!

அதில் அவர்கள் செய்த வேலையைப் பாருங்கள். அரபு நாட்டில் மேகம் திரண்டு மழை பெய்கிறது, ஆறு ஓடுகிறது, வயல் விளைகிறது. கதீஜா நாயகியின் திருமணம் நம்மூர்க் கல்யாணத்தின் அலங்காரத்தோடு நடக்கிறது. மக்காவில் ஆறு ஏது என்று குறை சொல்பவர்கள் உண்டு. தமிழ்க் காப்பியத்துக்கு அதுதான் மரபு. எனக்கு அது குறையாகவே படவில்லை. மணலை மாற்றினார்கள், நபியை மாற்றவில்லை.

பிள்ளைகளுக்கு அரபு வாழ்க்கையைச் சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டும். குறைஷிகள் பச்சைக் குழந்தைகளைப் பாலைவனக் கோத்திரத்தாரிடம் வளர்க்க விடுவார்கள். நல்ல காற்றும் கலப்பில்லாத அரபு மொழியும் கிடைக்கும் என்பதற்காக. அப்படித்தான் ஹலீமா அம்மையார் நம் நபியைத் தூக்கிச் சென்றார்கள். புலவரும் அதற்கென்று ஒரு படலமே பாடியிருக்கிறார்கள். ரொட்டியைக் குழம்பில் ஊறவைத்த தரீதை நபியவர்கள் விரும்பினார்கள். சுரைக்காயும் பிடிக்கும், நம் வீட்டுக் கொல்லையில் காய்க்கிற அதே சுரைக்காய்தான். விருந்தோம்பல் அரபிகளின் பழைய வழக்கம். அதை இஸ்லாம் போற்றி வளர்த்தது. பெண் குழந்தையை உயிரோடு புதைத்தவர்களும் அதே அரபிகளில்தான் இருந்தார்கள். அதை ஒழித்துக் கட்டியது.

வளைகுடாவிலிருந்து வாப்பா கொண்டுவரும் ஜுப்பாவும் பேரீச்சம்பழமும் நல்லவைதான். ஆனால் அதுவே தீன் என்று பிள்ளை நினைத்தால், அபூஜஹ்லும் அரபுதான் பேசினான், அரபு உடைதான் உடுத்தினான் என்று சொல்லுங்கள்.

நூல் முடியுமுன்பே சீதக்காதி வள்ளல் மறைந்துவிட, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் கைகொடுத்தார்கள். அப்படியும் புலவரின் பாட்டு நபியவர்களின் இறுதி நாள் வரை போய்ச் சேரவில்லை. ஹிஜ்ரத்துக் காண்டத்தோடு நின்றுவிட்டது. மிச்சத்தைப் பின்னால் பனீ அகமது மரைக்காயர் சின்னச்சீறாவாகப் பாடினார்கள்.

புலவரின் அடக்கத்தலம் எட்டயபுரத்தில் இருக்கிறது. மதுரையிலிருந்து தூத்துக்குடி போகிற வழி. அந்தப் பக்கம் போகிறவர்கள் பிள்ளைகளையும் இறக்கி அழைத்துப் போய் ஸலாம் சொல்லிவிட்டு வாருங்கள். அல்லாஹ் அன்னாரின் கப்ரை ஒளியாலும் விசாலத்தாலும் நிரப்புவானாக, ஆமீன்.