மயில்மேல் மாண்ட தேசபக்தர்

நமது சுதந்திரப் போரின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் மாநாடுகளையும் தீர்மானங்களையும் சட்டசபைப் பிரசங்கங்களையும் விரிவாக வருணிக்கின்றனர். எழுத்தறியாத லட்சக்கணக்கான ஜனங்களிடம் அப்போரின் செய்தியைக் கொண்டு சேர்த்தவர் யார் என்ற கேள்விக்கோ ஓரிரு வரிகளில் விடை கூறி அகன்றுவிடுகின்றனர். இவ்வாறு ஒதுக்கப்பட்டவர்களுள் தலையாயவர் நாடக நடிகர் விசுவநாத தாஸ் என்பது நமது அபிப்பிராயம்.

அவர் 1886-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி சிவகாசியில் பிறந்தார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் அண்மையிலுள்ள ஊர் அது. கோயில் திருவிழா என்றால் விடிய விடிய நாடகம் பார்க்கும் வழக்கம் வேரூன்றிய வட்டாரம். அவர் பிறந்தது நாவிதர் குலத்தில். குடும்பம் பின்னர் திருமங்கலத்தில் குடியேறியது.

அக்காலத்து நாடக முறையைச் சிறிது விளக்குவது அவசியம். சங்கரதாஸ் சுவாமிகள் இயற்றிய வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி முதலிய நாடகங்கள் நடிகர் அனைவருக்கும் மனப்பாடம். ஸ்பெஷல் நாடகம் என்றால் நடிகர்கள் பல ஊர்களிலிருந்தும் தனித்தனியே வந்து, ஒத்திகையின்றி அன்றிரவே மேடையேறுவார்கள். கதை மாறாது, ஆனால் இடையிடையே பாடும் பாட்டும், பேசும் பேச்சும் நடிகரின் திறமையைப் பொறுத்தவை. இந்தச் சுதந்திரத்தையே விசுவநாத தாஸ் தேச சேவைக்குப் பயன்படுத்தினார்.

தினைப்புனத்தில் வள்ளி பறவைகளை ஓட்டும் கட்டம் வரும். அங்கே வெள்ளைக் கொக்கைப் பற்றிய பாட்டொன்றை அவர் பாடுவார். நமது விளைவைக் கொத்திச் செல்ல வந்த கொக்கு எந்தத் தேசத்தது என்பதைச் சபையோருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1919-ல் பஞ்சாபில் ஜாலியன்வாலாபாக் படுகொலை நிகழ்ந்தபோது, மதுரகவி பாஸ்கரதாஸ் அதைப் பாட்டாக இயற்ற, தாஸ் அதை மேடைதோறும் பாடினார். பத்திரிகையே எட்டாத கிராமங்கள் அக்கொடுமையை இப்பாட்டின் மூலமே அறிந்தன.

சட்டம் பயின்றவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாடகங்களைத் தடுப்பதற்கென்றே 1876-ல் அன்னிய சர்க்கார் ஒரு சட்டம் செய்திருந்தது. ஆனால் வள்ளி திருமணம் புராணக் கதை. அதை எவ்வாறு தடை செய்வது? குற்றம் நாடகத்தில் இல்லை, அந்த இரவில் புகுந்த பாட்டில் இருந்தது. ஆதலால் நாடகத்தை விட்டு நடிகரைப் பிடித்தனர். முருகன் வேஷத்தோடு மேடையில் நின்றவரையே போலீஸார் கைது செய்தனர். அவர் 29 முறை சிறை சென்றார் என்பது வழங்கிவரும் கணக்கு. ஒவ்வொரு முறையும் வெளிவந்து மறுபடி அதே பாட்டைப் பாடினார்.

சர்க்கார் செய்தது இவ்வளவு என்றால், சமூகம் செய்தது என்ன? அவருடைய குலத்தைக் காரணம் காட்டி அவரோடு ஜோடியாக நடிக்க நடிகைகள் பலர் மறுத்தனர். முருகனாக வந்தவரைக் கும்பிட்ட ஜனங்களிடையே, அரிதாரம் கலைந்தபின் அவரைச் சமமாக உட்காரவைக்க மனமில்லாதவர்கள் இருந்தார்கள். அன்னியன் பூட்டிய விலங்கை அவர் மாலையாக ஏற்றார். சொந்த நாட்டார் செய்த அவமதிப்பையும் தாங்கி அந்த நாட்டாருக்காகவே பாடினார். இவ்விரண்டில் எது கடினம் என்பதை நேயர்களே தீர்மானிக்கலாம்.

1940-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி இரவு சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம் நடந்தது. முருகனாக மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையிலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது ஐம்பத்து நான்கு. சுதந்திரத்தைக் காண ஏழாண்டு குறைவாயிற்று.

சுதந்திரம் வந்த பின்னரும் மேடைக்கு விடுதலை உடனே வந்துவிடவில்லை. 1954-ல் சென்னை ராஜ்யம் நாடகங்களைக் கட்டுப்படுத்தப் புதுச் சட்டம் இயற்றியது. அதன் முக்கியமான பிரிவுகள் செல்லாவென்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2013 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

திருமங்கலத்தில் தாஸுக்கு அரசாங்கம் நினைவில்லம் அமைத்துள்ளது, நன்று. ஆனால் அவரை ஒரு குலத்தாரின் பெரியவராக மட்டும் கருதி, மற்றவர்கள் விலகி நிற்பார்களாயின், அன்று அவரோடு நடிக்க மறுத்த தவற்றையே நாமும் செய்தவர்களாவோம். தமது சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு ஈந்த குமாரசாமி ராஜாவின் ஊர் ராஜபாளையம். அவ்வூராரும் ஸ்ரீவில்லிபுத்தூராரும் ஆண்டுதோறும் டிசம்பர் 31-ந் தேதி இரவு, ஜாதி பேதமின்றி ஒரே பந்தலில் கூடி, வள்ளி திருமணத்தை நடத்துவார்களாக. கொக்குப் பாட்டை அங்கே ஒருவர் எழுந்து பாடட்டும். அதுவே அவருக்கு நாம் செலுத்தத்தக்க மரியாதை.