பகை நடுவே பண்புரை: கோவூர் கிழார்

கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்று, அம்மலையைச் சேரர்க்கு ஈந்தான் என அகநானூறு (209) கூறும். குடிகள் இவ்வாறு பகைத்து அழிந்த சங்க காலத்தில், இரு திறத்தாரிடமும் சென்று பேசிய சான்றோர் கோவூர் கிழார்.

நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டான். நெடுங்கிள்ளி கோட்டைக் கதவை அடைத்து உள்ளிருந்தான். கிழார் எவர் பக்கமும் சாரவில்லை. இருவர் அணிந்ததும் ஆத்திமாலையே. எவர் தோற்பினும் தோற்பது சோழர் குடியே என உணர்த்தினார். ஒற்றன் என ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனையும் பாடிக் காத்தார்.

காரி பிறந்த மலையமான் குடிச் சிறுவரைக் கிள்ளிவளவன் யானைக்கு இட முற்பட்டான். களிற்றைக் கண்டு அழுகையை மறந்து, புதிய மன்றத்தைக் கண்டு மருண்டு நின்றனர் அச்சிறுவர். கிழார் மன்னனைக் கொடியவன் எனப் பழிக்கவில்லை. புறாவின் துயர் தீர்த்தவன் வழித்தோன்றல் அவன் என்பதையும், சிறுவரின் முன்னோர் புலவர் வறுமைக்கு இரங்கித் தம் உணவைப் பகிர்ந்தவர் என்பதையும் நினைவூட்டினார். முடிவை அவனிடமே விட்டார். சிறுவர் உய்ந்தனர் என்பது புறநானூற்றின் (46) பழங்குறிப்பால் விளங்கும்.

சாதியும் சமயமும் மொழியும் பற்றி மாறுபட்டு நிற்போர்க்கு அவர் வாழ்வு காட்டும் நெறி இது: எதிர்நிற்பவர் மானத்தைக் காத்தே அவர் தவற்றைச் சுட்டலாம்.