தாயையும் சேயையும் சேர்த்துக் காத்த அன்னா ஃபிராய்டு அம்மையார்

பேரிடர் என்றவுடன் உணவு, உடை, உறைவிடம் ஆகியவற்றையே நாம் முதலில் எண்ணுகிறோம். தாயின் மனத்தைத் தேற்றுவதும், தாயும் சேயும் பிரியாமல் காப்பதும் அவற்றுக்கு இணையான நிவாரணமே. இதனைப் போர்க்காலத்தில் செயலில் காட்டிய ஒரு பெண்மணியின் வரலாற்றை ஜமாஅத் அன்பர்களின் முன் வைக்கிறோம்.

அன்னா ஃபிராய்டு 1895 டிசம்பர் 3ஆம் நாள் வியன்னா நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். உளப்பகுப்பாய்வின் தந்தை எனப்படும் சிக்மண்ட் ஃபிராய்டின் ஆறு மக்களுள் இளையவர் இவரே. பள்ளி ஆசிரியையாகப் பணியைத் தொடங்கி, பின்னர் குழந்தைகளின் மனநலத்தையே தம் துறையாக்கிக் கொண்டார். 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றியபோது விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டு மீண்டார். அவ்வாண்டே குடும்பத்துடன் லண்டனில் தஞ்சம் புகுந்தார்.

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பல இலட்சம் குழந்தைகள் பெற்றோரைப் பிரிந்து கிராமங்களுக்கு அனுப்பப்பட்டனர். உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு; எனினும் பிஞ்சு உள்ளங்கள் வாடின.

1941இல் அன்னா அம்மையார், தம் தோழி டோரதி பர்லிங்ஹாமுடன் சேர்ந்து லண்டன் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் போர்க்காலக் குழந்தைகள் காப்பகத்தைத் திறந்தார். வீடிழந்தோர், தொழிற்சாலைகளில் உழைத்தோர் ஆகிய தாய்மாரின் குழந்தைகள் அங்கே வளர்ந்தனர். தாய்மார் எந்நேரமும் வந்து பார்க்கலாம் என்பது காப்பகத்தின் விதி. தாயைப் பிரிந்த குழந்தைகளை 1942இல் சிறுசிறு குடும்பங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு செவிலியைத் தாயாக்கினர். முதலில் போட்டியும் அழுகையும் எழுந்தன. பின்னரோ பேச்சிலும் பழக்கத்திலும் குழந்தைகள் விரைந்து முன்னேறினர்.

அம்மையார் பதிவு செய்த ஒரு நிகழ்ச்சி நம் கவனத்திற்குரியது. அபாயச் சங்கு ஒலிக்கும் இரவுகளில் ஒரு தாய் உறங்கமாட்டார். ஐந்து வயது மகனையும் எழுப்பி, அவன் கையைப் பற்றியபடி வாசலில் நடுங்கி நிற்பார். அச்சிறுவன் மிகுந்த பதற்றத்திற்கு ஆளாகி, படுக்கையை நனைக்கத் தொடங்கினான். காப்பகத்தில் இருந்தபோதோ அதே சங்கொலி அவனை அவ்வளவாகக் கலக்கவில்லை. சிறுவனைத் தொற்றியது தாயின் அச்சமே. தாய்க்கு ஆறுதல் கிடைத்தால் சேய்க்கும் அமைதி கிடைக்கும் என்பது இதனால் விளங்குகிறது.

அக்காப்பகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் தாயைப் பிரிந்த குழந்தையின் துயரத்தை 1952இல் படமாக்கினார். 1959இல் பிரிட்டனின் பிளாட் குழு, மருத்துவமனைகளில் பெற்றோர் தடையின்றிக் குழந்தைகளைக் காணப் பரிந்துரைத்தது. தமக்கென ஒரு குழந்தையைப் பெறாத அன்னா அம்மையார், எண்ணற்ற குழந்தைகளுக்கு நிழலாகி, 1982 அக்டோபர் 9இல் லண்டனில் மறைந்தார்.

வெள்ளமோ தீயோ நேர்ந்து நாம் உதவிக்கு விரையும்போது, அரிசி மூட்டையை இறக்கிவைத்ததுடன் கடமை முடிந்ததாகக் கருதலாகாது. கைக்குழந்தையோடு நிற்கும் தாய்க்குத் தனியிடம் ஒதுக்குவோம். நம் வீட்டுப் பெண்கள் அவரருகே அமர்ந்து துயரத்தைக் கேட்கட்டும். அவர் சற்றே உறங்க வழி செய்வோம். குழந்தையைப் பாதுகாப்பதாக எண்ணித் தாயிடமிருந்து பிரித்துவிட வேண்டாம். அன்னா அம்மையாரின் வாழ்க்கையிலிருந்து நாம் பெறும் பாடம் இதுவே.