பிரித்துப் பார்த்துக் கற்றவர்: கோவை தந்த ஜி.டி.நாயுடு

பழைய கார் ஒன்றை வாங்கி, துருவைச் சுரண்டி, எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்து, மீண்டும் சாலையில் ஓடவிட வேண்டும் என்ற ஆசை கிள்ளான் பள்ளத்தாக்கில் பலருக்கு உண்டு. அது அமெரிக்காவின் மஸ்டாங்காக இருந்தாலும் சரி, நம் ஊரில் ஓடிய மோரிஸ் மைனராக இருந்தாலும் சரி, அந்த வேலைக்குப் பணம் மட்டும் போதாது. பிரித்ததைத் திரும்பப் பூட்டும் பொறுமையும் வேண்டும். அந்தப் பொறுமையையே மூலதனமாக வைத்து முன்னேறியவர் தமிழ்நாட்டின் கோவையைச் சேர்ந்த ஜி.டி.நாயுடு.

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. தொடக்கப் பள்ளியைத் தாண்டாமலேயே படிப்பு நின்றது.

ஒருநாள் அந்த ஊர்ப் பக்கம் வந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிள் அவர் கண்ணில் பட்டது. மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி ஓடுவதைக் கண்ட அவருக்கு அன்று தொடங்கிய மோகம் கடைசிவரை விடவில்லை. கோவைக்குப் போய் உணவகத்தில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். சில ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றியதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு பாகமாகப் பிரித்தார், மீண்டும் பூட்டினார். அதுவே அவருக்குப் பள்ளிக்கூடமானது.

இடையில் பருத்தி வியாபாரத்தில் இறங்கி, பம்பாயில் பணத்தை இழந்து திரும்பினார். அப்போது கைகொடுத்தவர் கோவையின் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ். அவர் தந்த உதவியுடன் 1920-இல் ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒற்றை வண்டிதான் பின்னர் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய பேருந்து நிறுவனமாக வளர்ந்தது.

பேருந்தோடு அவர் நின்றுவிடவில்லை. மின்சாரத்தில் இயங்கும் சவரக் கருவியை உருவாக்கினார். 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவிலேயே தயாரான மின் மோட்டாரை வெளிக்கொணர்ந்தார். இன்று மோட்டார் பம்புகளுக்குக் கோவை பெயர் பெற்றிருப்பதற்கு அந்த முயற்சியும் ஒரு காரணம்.

1945-இல் அவரது முயற்சியால் கோவையில் பொறியியல் கல்லூரி உருவானது. அதன் முதல்வராகவும் இருந்தார். நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் கற்றுத்தர முடியும் என்பது அவர் நம்பிக்கை. அரசாங்கம் அதை ஏற்காததால் பதவியை விட்டு விலகினார். அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்பது குறிப்பிடத்தக்கது.

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு 1908-இல் மாடல் டி காரைக் கொண்டுவந்து, விலையைப் படிப்படியாகக் குறைத்து, சாதாரண மக்களையும் காரில் ஏற்றினார். அதே கனவு நாயுடுவுக்கும் இருந்தது. 1952-இல் இருவர் அமரும் சிறிய காரை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய் மட்டுமே. ஆனால் அதைத் தயாரித்து விற்க அரசாங்க உரிமம் கிடைக்கவில்லை. கார் அத்துடன் நின்றது.

அதே காலகட்டத்தில் கடுமையான வரிவிதிப்பை எதிர்த்து, தாம் உருவாக்கிய பொருட்களைப் பொதுமக்கள் முன்னிலையில் தாமே உடைத்தெறிந்தார். எந்த இயந்திரத்தையும் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள், தாம் செய்ததைத் தாமே நொறுக்கின. அவர் மனம் எவ்வளவு புண்பட்டிருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

1974 ஜனவரி 4-ஆம் நாள், தமது 80-ஆவது வயதில் நாயுடு காலமானார். 2015-இல் கோவை அவினாசி சாலையில் அவர் பெயரில் கார் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பல நாடுகளின் பழைய கார்கள் அங்கே பழுது நீக்கி, மெருகேற்றி நிறுத்தப்பட்டுள்ளன. கோவைக்குச் செல்லும் மலேசியர்கள் குழந்தைகளோடு சென்று பார்க்க வேண்டிய இடம் அது.

தோட்டத்திலிருந்து வந்து, கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கார் பட்டறைகளில் தொழில் கற்ற தலைமுறை நம்மிடையே இருக்கிறது. எண்ணெய்க் கறை படிந்த கையைக் குறைவாக நினைக்கும் பழக்கமும் நம்மிடையே இருக்கிறது. வீட்டிலுள்ள மின்விசிறியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பூட்டத் தெரியாமல் விழிக்கும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன், பெற்றோர் ஒரு கணம் நாயுடுவை நினைத்துக்கொள்ளலாம். திருப்புளியைப் பிடுங்கி வைக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து பூட்டக் கற்றுக்கொடுத்தால் அந்தப் பிள்ளைக்கும் ஒரு வழி பிறக்கும்.