தையல்காரர் மகன்

எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். அதனாலோ என்னவோ, அப்துல் ஹமீதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

உத்தரப்பிரதேசத்தின் தாமுபூரில் 1933-ல் தையல்காரர் மகனாகப் பிறந்து, 1954-ல் ராணுவத்தில் சேர்ந்தவர் அவர். 1965 இந்தியா-பாகிஸ்தான் போரில், பஞ்சாபின் கேம்கரண் அருகே, ஜீப்பில் பொருத்திய 106 மி.மீ. பீரங்கியோடு நின்றார். அந்தப் பீரங்கி சுட்டால் பின்பக்கம் நெருப்பும் புழுதியும் கிளம்பி இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். உடனே இடம் மாறணும். செப்டம்பர் 10 அன்று அப்படி மாறி மாறிச் சுட்டு பாட்டன் டாங்கிகளை வீழ்த்தினார். கடைசியில் எதிரி கண்டுபிடிச்சுட்டான். குண்டு மழையிலும் சுடுவதை நிறுத்தாமல், அங்கேயே உயிர் விட்டார்.

1966 குடியரசு தினத்தில் பரம்வீர் சக்ராவை மனைவி வாங்கிக்கொண்டார். தாமுபூரில் அவருக்கு நினைவிடம் உண்டு.

அவர் பெரிய அதிகாரி இல்லை, ஹவில்தார்தான். கையிலிருந்த கருவியின் பலமும் பலவீனமும் தெரிந்தவர். ஒர்க்‌ஷாப்பில் நிற்கிற நமக்கு இதைவிட என்ன பாடம் வேணும்?