அமெரிக்க பல்கலைக்கழகம் அழைத்த தமிழ்நாட்டு நாட்டியக் கலைஞர்... யார் இந்த பாலசரஸ்வதி?

கலைஞர்களை வரவழைத்து, பல்கலைக்கழகத்திலேயே தங்க வைத்து, மாணவர்களுக்குச் சொல்லித்தரச் செய்வதுதான் ‘ஆர்ட்டிஸ்ட் இன் ரெசிடென்ஸ்’. இந்த முறையில் அமெரிக்கா போனவர் டி.பாலசரஸ்வதி.

கைநழுவிய மேடை

1918-ல் சென்னையில் பிறந்தவர். வீணை தனம்மாளின் பேத்தி. கந்தப்பா பிள்ளையிடம் நாட்டியம் கற்று, 7 வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறினார்.

1947-ல் தேவதாசி முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. பெண்கள் சுரண்டப்படுவதைத் தடுக்க வந்த சட்டம் அது. ஆனா, அதற்கு முன்பிருந்தே வலுத்த எதிர்ப்பில், பரம்பரையா ஆடின குடும்பங்களுக்கு மேடையும் குறைஞ்சது, மரியாதையும் குறைஞ்சது. அதே நாட்டியத்தை மற்ற வீட்டுப் பெண்கள் கத்துக்க ஆரம்பிச்சாங்க.

வெஸ்லியன் அழைப்பு

1962-ல் கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் பாலாவை வரவழைத்தது. உடன் சென்றவர்கள் தம்பிகள்: மிருதங்கம் ரங்கநாதன், புல்லாங்குழல் விஸ்வநாதன்.

தங்கிக் கற்பிப்பதில் என்ன விசேஷம்?

கச்சேரி இரண்டு மணி நேரத்தில் முடிஞ்சுடும். ஆனா அபிநயம் அப்படி வராது. பதத்தைத் தானே பாடிக்கிட்டே ஆடுவது பாலாவின் பாணி. பாட்டும் ஆட்டமும் ஒண்ணுன்னு புரிய, குரு பக்கத்துலயே இருக்கணும். தங்கல் அதற்கு வழி செய்தது.

வேர் பிடித்த கலை

1963 முதல் ரங்கநாதனும், 1975 முதல் விஸ்வநாதனும் அங்கேயே பல ஆண்டுகள் ஆசிரியர்களாக இருந்தார்கள். வெஸ்லியனில் ஆண்டுதோறும் நவராத்திரி விழா நடக்கும் அளவுக்கு அந்தக் கலை வேர் பிடித்தது.

ஊரிலும் மரியாதை வந்தது. 1973-ல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி, 1977-ல் பத்ம விபூஷண். 1984-ல் பாலா மறைந்தார்.